நீங்களே எழுதிட்டு வந்துடுங்க

பழனிவேல் சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலியைத் தூணோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கோட்டை மலை குறுக்கே நிற்கிறது. ஒரு தூணுக்குச் சிக்னல் வரும், அடுத்த தூணுக்கு வராது.

நான் நீட்டிய படிவத்தை இடது கையால் வாங்கினார். மேலாக ஒரு பார்வை பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“நீங்களே எழுதிட்டு வந்துடுங்க மேடம். கையெழுத்து போட்டுத் தந்துடுறேன்.”

“சார், டீச்சர்தான் எழுதணும்னு அதுல போட்டிருக்குது. பெத்தவங்க பாக்கவே கூடாதாம்.”

“அதெல்லாம் சும்மா போடுவாங்க மேடம். யாரு வந்து பாக்கப் போறாங்க? நீங்க ஆபீஸ்ல வேலை செய்றவங்க, உங்களுக்குத் தெரியாத லெட்டரா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் அவரைத் தேடி வந்தது அது மூன்றாவது தடவை. முதல் தடவை அவர் தேர்தல் பயிற்சிக்குப் போயிருந்தார். இரண்டாவது தடவை இலவச சைக்கிள் வந்து இறங்கியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பெடல் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார் எண்ணுவது சரிதான், ஆனால் எதை எண்ணுவது என்று ஒரு வரைமுறை வேண்டாமா? மூன்றாவது தடவையாக அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், இந்தப் பதில்.

மேசை மேல் ஒரு வெள்ளைத்தாள் கிடந்தது. அதன் அடியில் கையெழுத்துப் போட்டு, தேதி போடாமல், என்னிடம் கொடுத்தார்.

“மேல நீங்க எழுதிக்குங்க.”

எட்டாங்கிளாஸ் ஆசை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் மகள் நிவேதாவைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரே பெண். அப்போது எட்டாம் வகுப்பு. நான் செஞ்சியில் நெல் ஏலம் நடக்கும் கமிட்டி ஆபீசில் எழுத்தர். என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் கண்டக்டர்.

மேற்குப் பக்கம் மலை மேல் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். கிராமத்துப் பிள்ளைகள் சிலரை ஒன்பதாம் வகுப்பிலிருந்து விடுதியில் தங்கவைத்துப் பணம் வாங்காமல் படிக்கவைக்கிறார்கள். அறிவியல் கண்காட்சிக்கு வந்த யாரோ ஒருவர் கொடுத்த துண்டுத்தாளை நிவேதா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நாங்கள் அதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் போட்டுவிட்டோம். அவள் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

“அங்க கணக்குக்கு மட்டும் மூணு டீச்சராம்மா” என்றாள். வேறு எதையும் சொல்லவில்லை. லேப் இருக்கிறது, நீச்சல்குளம் இருக்கிறது என்றெல்லாம் அந்தத் தாளில் போட்டிருந்தது. அவள் கண்ணில் பட்டது மூன்று கணக்கு டீச்சர்தான். நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

எழுத்துத் தேர்வு எழுதினாள், தேறிவிட்டாள். நேர்காணலுக்குக் கூப்பிட வேண்டுமானால் இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் பத்து நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். கணக்கு ஆசிரியர் ஒன்று, ஆங்கில ஆசிரியர் ஒன்று. தமிழில் எழுதினாலும் சரி. வராவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். தேர்வு எழுதித் தேறியது மகளின் பாடு. இரண்டு தாள் வாங்கித் தர வேண்டியது என் பாடு. எது கஷ்டம் என்று இப்போது என்னைக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் பரிந்துரை என்ற சொல்லைக் கேட்டதும் அன்று மாலையே கட்சி ஆபீசுக்குப் போய், லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கி வந்துவிட்டார். ‘இச்சிறுமி எனக்கு நன்கு அறிமுகமானவர்’ என்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர் நிவேதாவை ஒருநாளும் பார்த்ததில்லை. கீழே பச்சை மையில் கையெழுத்து, வட்டமாக ஒரு சீல்.

“பச்ச இங்க், பாத்தியா?” என்றார் பெருமையாக.

எங்கள் ஊரில் பரிந்துரை செய்கிறவர் பெரிய ஆளாக இருக்க வேண்டும். பரிந்துரைக்கப்படுகிறவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தக் கடிதம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

எல்லோருக்கும் நன்று

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனபோது, ‘குணமும் நடத்தையும்’ என்ற இடத்தில் ‘நன்று’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார்கள். எனக்கு ஒரே பூரிப்பு. வெளியே வந்து பார்த்தால் என் பின்னால் நின்ற சுமதிக்கும் நன்று. சுமதி யாரென்றால், தலைமை ஆசிரியரின் வண்டி சீட்டில் மை பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, அவர் வெள்ளை வேட்டியோடு உட்காருகிற வரைக்கும் மரத்தடியில் காத்திருந்தவள். அவளுக்கும் நன்று, எனக்கும் நன்று. எங்கள் தாலுகாவில் இதுவரை நடத்தை கெட்ட பிள்ளை ஒன்றுகூடப் படித்து முடித்ததில்லை.

இப்படிப்பட்ட ஊருக்கு அந்த மலைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் என்ன கேள்வி அனுப்பியிருந்தார்கள் தெரியுமா? ‘இந்த மாணவி தோற்றுப்போன ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். அப்போது என்ன செய்தாள்?’ ‘இவளிடம் நீங்கள் காணும் குறை என்ன?’ ‘மதிப்பெண்ணில் தெரியாத எதை இவளைப் பற்றி நீங்கள் அறிவீர்கள்?’

அறுபத்திரண்டு பிள்ளைகள் உட்காரும் வகுப்பு நிவேதாவுடையது.

அமாவாசை அன்று அனந்தபுரம்

ஆங்கில டீச்சர் ஸ்டெல்லா முட்டிவலிக்காக மருத்துவ விடுப்பில் இருந்தார். வீடு அனந்தபுரத்தில். போனில் கேட்டால் “நேர்ல வாங்கம்மா” என்றார். போனேன். நான் போன நாள் அமாவாசை.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் விபரீதம் புரியாது. அமாவாசை என்றால் எங்கள் பக்கத்துப் பேருந்துகள் எல்லாம் மேல்மலையனூருக்குத் திரும்பிவிடும். அங்காளம்மனைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். மற்ற ஊருக்குப் போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சம்பழம் விற்கிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒன்றரை மணி நேரம் நின்றேன். ‘சிறப்புப் பேருந்து’ என்று அட்டை மாட்டிய வண்டிகளாக வந்தன. அதில் ஒன்றின் படியில் தொங்கியபடி என் வீட்டுக்காரர் விசில் ஊதிக்கொண்டு போனார். என்னைப் பார்த்துக் கையும் ஆட்டினார்!

ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாக ஏறி அனந்தபுரம் போய்ச் சேர்ந்தேன். ஸ்டெல்லா டீச்சர் நல்லவர். டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். பிறகு ஒரு கோப்பைத் திறந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். ஆங்கிலத்தில் நாலு வரி. பெயருக்குக் காலி இடம். ‘அவன்/அவள்’ என்று இரண்டும் இருந்தது, நாம் ஒன்றை அடித்துக்கொள்ள வேண்டும்.

“எல்லாருக்கும் இதான் குடுப்பேன்மா. இதுவரைக்கும் யாரும் வேணாம்னு சொன்னதில்ல.”

கேள்விகளைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு கழற்றிவிட்டார்.

“கண்ணு வேற சரியில்லம்மா. நீங்களே எழுதிடுங்க.”

அவரும் ஒரு வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷி, தேதியும் போட்டார்.

பார்வை, பொருள், இணைப்பு

ஆக, இரண்டு காலித் தாள்கள் என் கைக்கு வந்துவிட்டன. ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுத உட்கார்ந்தேன். அறுவடை நேரம். வெளியே பிளாட்பாரம் முழுக்க மூட்டை. நெல் தூசி கழுத்தெல்லாம் அரித்தது. எழுதத் தொடங்கினால் என் கை இருபது வருடமாக எழுதுகிறதைத்தான் எழுதியது. ‘பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின்படி, பொருளில் கண்ட மாணவி குறித்துத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்...’

பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிறேனா, மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

தோற்றுப்போன சமயம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நிவேதா எதில் தோற்றாள்? யோசித்துப் பார்த்தேன். காய்ச்சல் வந்தது தெரியும், பல் விழுந்தது தெரியும், எந்தச் சட்னிக்கு மூஞ்சியைத் திருப்புவாள் என்று தெரியும். எதில் தோற்றாள், அப்போது என்ன செய்தாள் என்று தெரியவில்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ‘இதுவரை எதிலும் தவறியதில்லை’ என்று எழுதினேன். குறை: ‘ஏதுமில்லை.’ மதிப்பெண்ணில் தெரியாதது: ‘குணமும் நடத்தையும் நன்று.’ இரண்டாவது கடிதத்தில் ‘கணக்கு’ என்ற இடத்தில் ‘ஆங்கிலம்’ என்று மாற்றினேன்.

மாலையில் நிவேதா பார்த்துவிட்டாள்.

“இன்னாம்மா இது? இது நான் இல்ல. வேற யாரோ.”

“உங்க சாரும் டீச்சரும் எழுதித் தரல. நான் எழுதினேன். இன்னா இப்ப?”

“பெத்தவங்க பாக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது. நீ எழுதியே வெச்சிருக்க. அனுப்பாத.”

“நாலு நாள்தான்டி இருக்குது! உனக்காக ஒன்பது பேரு ஏறின ஆட்டோல தொங்கிக்கினு போயி வாங்கியாந்திருக்கேன். பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு!”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டாள். நான் மறுநாள் காலையில் இரண்டையும் கூரியரில் அனுப்பிவிட்டேன்.

மலையிலிருந்து போன்

அடுத்த வாரம் போன் வந்தது. ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதை.

“அம்மா, ரெண்டு லெட்டரும் கிடைச்சுது. ரெண்டையும் ஒருத்தரே எழுதின மாதிரி இருக்கே? கையெழுத்து மட்டும்தான் வேற வேற.”

நான் போனைப் பிடித்தபடி பிளாட்பாரத்துக்கு வந்தேன். மூட்டை எடை போடுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

“உங்க பொண்ணு நல்லா எழுதியிருக்கா, அதனாலதான் கூப்பிடறேன். அடுத்த திங்கட்கிழமைக்குள்ள ஒரே ஒரு லெட்டராவது டீச்சர் கைப்பட, சொந்தமா எழுதி, மூடின கவர்ல வரணும். இல்லன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

அந்தப் பெண் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என் மகள் தன் மூளையால் சம்பாதித்ததை நான் என் கையால் கெடுத்துவிட்டேன் என்று தெரிந்தது. அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லவும் இல்லை.

ஸ்டெல்லா டீச்சருக்குப் போன் போட்டேன். அறுவை சிகிச்சைக்காக மகனிடம் பெங்களூரு போய்விட்டார். மிச்சம் இருந்தது பழனிவேல் சார்.

மறுபடியும் தூணோரம்

அதே நாற்காலி, அதே தூண், அதே கைபேசி. இந்தத் தடவை நான் நின்றுகொண்டு பேசவில்லை. மாணவர் பெஞ்சு ஒன்றை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

“சார், நீங்க எழுதாம நான் எழுந்திரிக்க மாட்டேன்.”

“மேடம், எனக்கு நூத்தி எட்டு வேலை இருக்குது.”

“இன்னா சார் வேலை? ரெண்டு பக்கம் எழுத இன்னா கஷ்டம்? அந்தப் பொண்ணு மூணு வருஷமா உங்க கிளாஸ்ல உக்காந்திருக்கா!”

அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“பயமா இருக்குது மேடம். குறை இன்னான்னு கேக்கறாங்க. வாய்ல சொல்றது வேற. எழுத்துல எழுதிட்டா நிக்கும். நான் எதையாவது எழுதி, அதால பொண்ணுக்குச் சீட்டு கெடைக்கலன்னா, அந்தப் பாவம் எனக்கு வேணாம். நான் இருபத்தேழு வருஷத்துல ஒரு புள்ளைக்கும் கெடுதலா ஒரு வரி எழுதினதில்ல.”

“நல்லதாவும் எழுதினதில்ல இல்ல?”

என் வாய் அப்படி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“உள்ளத எழுதுங்க சார், போதும்” என்றேன், கொஞ்சம் இறங்கி.

“உள்ளதா?” என்றார். “உங்க பொண்ணு என்னைப் பத்தி எச்.எம் கிட்ட எழுதிக் குடுத்திருக்குது. அது தெரியுமா மேடம் உங்களுக்கு?”

எனக்குத் தெரியாது.

“அரையாண்டுப் பரிட்சைக்கு முன்னாடி. எச்.எம் கூப்பிட்டு, பாத்துக்குங்க பழனின்னு அந்த லெட்டரை என் கையிலயே குடுத்துட்டாரு.” படிவத்தை வாங்கிக்கொண்டார். “நாளைக்கு வாங்க. எழுதி வெக்கறேன்.”

எழுத மாட்டேன் என்று சொன்னபோது வந்த கோபம் போய், எழுதுகிறேன் என்று சொன்னதும் பயம் பிடித்துக்கொண்டது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண், தன் வாத்தியார் மேல் புகார் கொடுத்திருக்கிறது. அந்த வாத்தியாரிடமே போய் உள்ளதை எழுது என்று கழுத்தைப் பிடித்திருக்கிறேன். என்னைவிடப் புத்திசாலி இருக்க முடியுமா?

மறுநாள் கவரைக் கொடுத்தார். பசை தடவி, அதன்மேல் செல்லோடேப் ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டு, நாலு மூலையிலும் பள்ளிக்கூட சீல் குத்தியிருந்தார். ஓட்டுப்பெட்டியைக்கூட அப்படி மூட மாட்டார்கள்.

“பிரிக்காதீங்க மேடம்” என்றார். என்னைச் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தார்.

வீட்டில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கவரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு மூன்று தாள் இருப்பதுபோல் கனமாக இருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. நிவேதா பின்னால் வந்து நின்றாள்.

“கீழ வைம்மா.”

“நீ உங்க சார் மேல கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“என்கிட்ட ஏன்டி சொல்லல?”

அவள் என் கையிலிருந்து கவரை வாங்கி, புத்தகப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். மறுநாள் கூரியர் ஆபீசுக்கு அவளே என்னோடு வந்து, ரசீது வாங்கிய பிறகுதான் பள்ளிக்கூடம் போனாள்.

எல்லாக் கட்டத்திலும் ஒரே பதில்

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அது முடிந்து ஒரு மாதம் கழித்து இடமும் கிடைத்தது. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. சார் என்னதான் எழுதியிருப்பார் என்று அந்த ஒரு மாதமும் மண்டை குடைந்தது. அவரிடம் கேட்டால் “கான்ஃபிடென்ஷியல் மேடம்” என்றார். என்னை எழுதிக்கொண்டு வரச் சொன்ன அதே மனுஷன்!

சேர்க்கை நாளில் நிவேதா பெட்டியோடு விடுதிக்குப் போய்விட்டாள். நான் அலுவலக அறையில் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். போனில் பேசிய அதே பெண்மணிதான் எதிரில். வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். “லெட்டரைக் காட்டக் கூடாதும்மா. ஆனா உங்க சார் லெட்டர் எழுதவே இல்லையே” என்று கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

மேலே அந்தப் படிவம். குறை என்ன? ‘இணைப்பைக் காண்க.’ மதிப்பெண்ணில் தெரியாதது? ‘இணைப்பைக் காண்க.’ தோற்ற சமயம்? ‘இணைப்பைக் காண்க.’ எல்லாக் கட்டத்திலும் அதே பதில், சாரின் கணக்கு எழுத்தில். கைப்பட, சொந்தமாக எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டார், மகராசன்.

அதன் அடியில் இணைப்பு. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். நிவேதாவின் எழுத்து.

‘மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, எட்டாம் வகுப்பு ஆ பிரிவு நிவேதா எழுதுவது. எங்களுக்கு ஏழு வாரமாகக் கணக்குப் பாடம் நடக்கவில்லை. சார் தினமும் வகுப்புக்கு வருகிறார். ஆனால் மேலிடம் கேட்கும் விவரங்களைப் போனில் ஏற்றிக்கொண்டே இருக்கிறார். அவர் மேல் தப்பு இல்லை. அவருக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். நான் இரண்டு முறை சாரிடம் கேட்டேன், நடக்கவில்லை. அவர் நடத்தினால் எல்லோருக்கும் புரியும். அதனால்தான் கேட்கிறேன். தயவுசெய்து சாரைக் கணக்கு நடத்த விடுங்கள்.’

அதற்குக் கீழே சிவப்பு மையில்: ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை எனச் சான்றளிக்கிறேன்.’ பழனிவேல் சாரின் கையெழுத்து. பள்ளிக்கூட சீல். இந்தத் தடவை தேதியும் இருந்தது.

ஒரு புகாரை, அதுவும் தன்மேல் வந்த புகாரை, மூன்று மாதம் பத்திரமாக வைத்திருந்து, உண்மை என்று சீல் குத்தி அனுப்பியிருக்கிறார். அவரை நான் என்னவெல்லாம் பேசினேன்!

தாளின் வலது மூலையில் இன்னொன்று இருந்தது. எங்கள் பிள்ளைகள் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகியவர்கள். எந்தக் கடிதம் எழுதினாலும் கடைசியில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று எழுதி ஒரு கோடு போட்டுவிடுவார்கள். நிவேதாவும் போட்டிருந்தாள். கோடு காலியாக இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில்: ‘வாங்கவில்லை. அம்மாவிடம் காட்டினால் நமக்கு எதற்கு வம்பு என்று சொல்லிவிடுவார்.’

சொல்லியிருப்பேன். சத்தியமாக அதையேதான் சொல்லியிருப்பேன்.

கையில் பேனா இருந்தது. தாளைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்தேன்.

“இதுல ஒரு கையெழுத்து போட்டுக்கட்டுமா?”

“ஐயோ, கூடாதும்மா” என்று அந்தப் பெண்மணி கோப்பை மெதுவாக மூடினார். “இது ரெக்கார்டுல ஏறிடுச்சு.”

அடுத்தவர்களின் கையெழுத்துக்காக ஊர் ஊராக அலைந்தவள் நான். என் மகள் எனக்கென்று கோடு போட்டு வைத்திருந்த இடத்தில் என் கையெழுத்து இல்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கீழே இறங்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.